மீனைப் பார்த்து ஃபில்டர் வாங்குங்கள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குத் தொட்டி வாங்க வருகிறவர்கள் கண்ணாடியின் தடிமனை விசாரிப்பார்கள், விளக்கின் நிறத்தைப் பார்ப்பார்கள், கூழாங்கல்லைக் கிளறிக் கிளறிப் பொறுக்குவார்கள். பில் போடும் நேரத்தில்தான் ஃபில்டர் நினைவுக்கு வரும். “எத்தனை அடி தொட்டி?” என்று கடைக்காரர் கேட்பார், பதிலுக்கு ஏற்ற ஒரு பெட்டி மேசைக்கு வரும். இரண்டு வாரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கும். தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருக்கும். மீன் ஏன் செத்தது என்று வீட்டில் யாருக்கும் விளங்காது.

மீனைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. அதை அகற்றுவது பாக்டீரியா. அந்த பாக்டீரியாவுக்கு இடமும் ஆக்சிஜனும் கொடுக்கும் கருவிதான் ஃபில்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் சிறிய தொகையிலேயே நல்ல ஏற்பாடு அமையும். விளக்குவதற்கு ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம்: 3 அடி நீளம், 1 அடி அகலம், 1.5 அடி உயரம். அதில் மூன்று ஒரண்டா கோல்டு ஃபிஷ். இடம், கோடையில் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தொடும் ஒரு சென்னை வீடு.

1. முதலில் மீனை முடிவு செய்யுங்கள்

“எத்தனை அடி தொட்டி?” என்பது இரண்டாவது கேள்வி. “என்ன மீன்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: அது எவ்வளவு கழிவு விடும், எவ்வளவு நீரோட்டத்தைத் தாங்கும்.

ஃபைட்டர் மீனுக்குக் கழிவும் குறைவு, நீந்தும் வலுவும் குறைவு. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. மெல்ல இயங்கும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதற்குப் போதும். கப்பி, மோலி வைத்திருப்பவர்கள் குஞ்சுகள் உறிஞ்சப்படாத ஃபில்டராகப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஸ்பாஞ்ச்தான் பாதுகாப்பு. ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் போன்ற பெரிய மீன்கள் நிறையத் தின்று நிறையக் கழிப்பவை. அவற்றுக்குக் கேனிஸ்டர், அல்லது தொட்டிக்கு அடியில் தனித் தொட்டியாக வைக்கும் சம்ப் ஃபில்டர் அளவுக்குப் போக வேண்டியிருக்கும். 

கோல்டு ஃபிஷ்தான் இதில் சிக்கலான கணக்கு. அதன் கழிவு மிக அதிகம். ஆனால் ஒரண்டா போன்ற உருண்டை உடலும் நீண்ட வாலும் கொண்ட வகைகள் வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாதவை. ஆகவே தண்ணீர் நிறையச் சுத்தமாக வேண்டும், தொட்டிக்குள் ஓட்டமோ மென்மையாக இருக்க வேண்டும். அடுத்து வரும் படிகளெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்து நிறைவேற்றும் வழிகளே.

2. அடிக்கணக்கை லிட்டராக மாற்றுங்கள்

மூன்று அடி அளவுகளையும் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நம் தொட்டி 3 × 1 × 1.5 = 4.5 கன அடி. அதாவது 127 லிட்டர். யாரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. மேலே இரண்டு அங்குலம் விட்டால் 113 லிட்டர். கல்லையும் அலங்காரப் பொருட்களையும் கழித்தால் ஏறக்குறைய 100 லிட்டர் நிற்கும்.

இனி எல்லாக் கணக்கும் இந்த 100 லிட்டரை வைத்துத்தான். “மூணடி தொட்டிக்கு இது சரியாக இருக்கும்” என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. அதே மூன்றடி நீளத்தில் அகலமும் உயரமும் கூடினால் தண்ணீர் இரு மடங்காகிவிடும்.

3. ஃபில்டருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. மிச்சத் தீனியும் மலமும் அழுகும்போது அது மேலும் கூடுகிறது. நிறமற்ற இந்த அம்மோனியாதான் தெளிந்த தண்ணீரில் மீனைக் கொல்லும் நஞ்சு. ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுவரை மீனுக்குத் தொல்லை தராது. இந்த இரண்டாம் வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகவே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று ஆய்வாளர் டிமத்தி ஹோவனெக் குழுவினர் 1998-இல் காட்டினார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து வேலை செய்வதைவிட ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டே அதிகம் வேலை செய்கின்றன. ஸ்பாஞ்சின் துளைகளும் செராமிக் ரிங்கின் சொரசொரப்பும் அதற்காகத்தான். அவற்றுக்கு ஆக்சிஜனும் ஏராளமாக வேண்டும். அம்மோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகிறது.

நம் ஊர் வெயில் குறுக்கே வருவது இங்கேதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதோடு, தண்ணீரின் பிஹெச் உயர உயர அம்மோனியாவின் நச்சுப் பங்கும் உயரும். 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் அந்தப் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். போர் தண்ணீர் காரத்தன்மையோடு வரும் பகுதிகளில் இருப்பவர்கள், ஃபில்டரை ஓர் அளவு பெரியதாகவே எடுப்பது நல்லது.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் கிடைக்கும் முக்கிய வகைகளை நம் தொட்டியில் பொருத்திப் பார்ப்போம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏர் பம்பிலிருந்து வரும் காற்றுக் குமிழிகள் குழாயில் மேலேறும்போது தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக இழுக்கப்படுகிறது. விலை குறைவு, பழுதாக அதிகம் எதுவும் இல்லை, ஓட்டம் மென்மை, ஆக்சிஜனும் கிடைக்கிறது. பெரிய துகள்களை வேகமாக இழுக்காது என்பதே குறை. 

உள்ளே முழுகி ஓடும் பவர் ஃபில்டர்: சிறு மோட்டாரும் அதன் கீழ் ஒரு ஸ்பாஞ்சுக் கூடும் சேர்ந்தது. தண்ணீரை நன்றாகச் சுழற்றும். ஆனால் ஸ்பாஞ்ச் சிறியது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாரம்தோறும் அலச வேண்டியிருப்பதால் பாக்டீரியா நிலைத்து வளர வாய்ப்புக் குறைவு.

டாப் ஃபில்டர்: தொட்டியின் மேல் விளிம்பில் உட்காரும் நீளப் பெட்டி. உள்ளிருக்கும் பம்ப் தண்ணீரைத் தூக்கிப் பெட்டியில் ஊற்ற, அது பஞ்சு, ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் வழியாக வடிந்து தொட்டிக்குத் திரும்பும். ஊடே காற்றும் புகுவதால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தாராளம். மூடியைத் திறந்து பஞ்சை மாற்றுவது எளிது. 

தொங்கும் ஃபில்டர்: பின்பக்கக் கண்ணாடியில் மாட்டுவது. இரண்டடி தொட்டிகளுக்கு நன்றாகப் பொருந்தும். மூன்றடிக்கு ஒன்று போதாது.

கேனிஸ்டர்: தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் நிற்கும் மூடிய வாளி. மீடியா எனப்படும் பஞ்சு, ஸ்பாஞ்ச், ரிங் ஆகியவற்றை அதிகம் கொள்ளும், சத்தம் குறைவு, தொட்டியும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். விலை அதிகம். கரண்ட் போகும் வீட்டில் கூடுதல் கவனம் கேட்கும்.

தரைக்கல் ஃபில்டர்: கல்லுக்கு அடியில் தட்டு வைத்து நீரை இழுக்கும் பழைய முறை. கோல்டு ஃபிஷ் கல்லைக் கிளறிக்கொண்டே இருக்கும். தட்டுக்கு அடியில் அழுக்கும் சேரும். நம் தொட்டிக்கு வேண்டாம்.

நம் தொட்டிக்கு என் பரிந்துரை: முதன்மையாக ஒரு டாப் ஃபில்டர், துணையாக ஏர் பம்பில் ஓடும் ஓர் இரட்டை ஸ்பாஞ்ச். ஒரே பெரிய ஃபில்டரைவிட இரண்டு தனித்தனி ஃபில்டர்கள் பாதுகாப்பானவை. ஒன்று நின்றால் மற்றொன்று மீனைக் காப்பாற்றும். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் பாக்டீரியா முழுமையாக இருக்கும்.

5. ஓட்டத்தை அளந்து வாங்குங்கள்

பொதுவான நன்னீர்த் தொட்டிக்கு, தண்ணீர் முழுவதும் ஒரு மணி நேரத்தில் நான்கு அல்லது ஐந்து முறை ஃபில்டர் வழியாகப் போக வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. ஃபைட்டருக்கு இரண்டு, மூன்று முறை போதும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஐந்து, ஆறு முறை உண்மையிலேயே போக வேண்டும். நம் 100 லிட்டருக்கு அது மணிக்கு 500 முதல் 600 லிட்டர்.

‘உண்மையிலேயே’ என்ற சொல் முக்கியம். பம்ப் பெட்டியில் எஃப்-மேக்ஸ் என்று போட்டிருப்பது, குழாய் இல்லாமல், மீடியா இல்லாமல், உயரம் ஏற்றாமல் அந்த மோட்டார் தள்ளும் அளவு. ஹெச்-மேக்ஸ் என்பது தண்ணீர் ஏறக்கூடிய அதிகபட்ச உயரம். அந்த உயரத்தில் ஓட்டம் பூஜ்ஜியம். இந்த உயரத்தைத் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும், பம்ப் முழுகியிருக்கும் ஆழத்திலிருந்து அல்ல. டாப் ஃபில்டரில் நீர்மட்டத்துக்கு மேல் அரை அடிதான் ஏற வேண்டும் என்பதால் இழப்புக் குறைவு. தொட்டிக்கு அடியில் சம்ப் வைத்தால் மூன்று, நான்கு அடி ஏற வேண்டும். ஹெச்-மேக்ஸ் 1.5 மீட்டர் என்றுள்ள பம்பை அங்கே வைத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கேனிஸ்டரில் போகும் குழாயும் வரும் குழாயும் நீர் நிரம்பிய ஒரே சுற்றாக இருப்பதால் உயரம் பெரிய தடை அல்ல. குழாயின் நீளம், வளைவு, மீடியாவின் அடைப்பு ஆகியவைதான் அங்கே தடை.

பெட்டியின் எண்ணில் ஏறக்குறைய பாதியே கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நமக்கு 500 வேண்டுமென்றால் 1000 என்று போட்ட பம்ப்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இதைச் சோதித்துவிடலாம். ஃபில்டரில் எல்லா மீடியாவையும் நிரப்பி ஓட விடுங்கள். தண்ணீர் தொட்டிக்குள் விழும் இடத்தில் 1 லிட்டர் மக்கைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 6 விநாடி என்றால் 600 லிட்டர்; நல்ல ஓட்டம். 9 விநாடி என்றால் 400. நம் மூன்று ஒரண்டாவுக்குப் போதாது. இந்த எண்ணைத் தொட்டியின் பின்பக்கத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி அளந்தால், மீடியா எப்போது அடைக்கத் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

6. நீரோட்டத்துக்கு வழி வகுங்கள்

அளவு சரியான பிறகு திசை. 500 லிட்டரும் ஒரே துளையிலிருந்து பீய்ச்சினால் ஒரண்டா ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, வாலை மடித்துக்கொண்டு ஓயாமல் போராடும். அதே 500 லிட்டர் நீளக் குழாயின் இருபது துளைகளில் பிரிந்து விழுந்தால் ஓட்டம் தெரியவே தெரியாது. ஸ்ப்ரே பார் எனப்படும் இந்தத் துளைக்குழாயைப் பின்பக்கக் கண்ணாடியின் நீளத்துக்கு, நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். துளைகள் கண்ணாடியையோ மேற்பரப்பையோ பார்த்திருக்கட்டும்.

மேற்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜன் கரைவது அங்கேதான். ஏர் ஸ்டோன் செய்யும் நன்மையின் பெரும்பகுதியும் குமிழிகள் மேலே வந்து மேற்பரப்பைக் கலக்குவதால்தான் வருகிறது. 

உறிஞ்சும் முனையை, தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர்க்கோடியில், கல்லுக்கு இரண்டு அங்குலம் மேலே வையுங்கள். இரண்டு நாள் ஓடவிட்டுத் தரையைப் பாருங்கள். மலமும் தூசியும் எங்கே குவிகிறதோ அங்கே ஓட்டம் எட்டவில்லை. உறிஞ்சும் முனையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். அல்லது துணை ஸ்பாஞ்ச் ஃபில்டரை அந்த மூலையில் நிறுத்துங்கள். அதற்காக வேவ்மேக்கர் வாங்க வேண்டாம். அது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கான கருவி.

7. மீடியாவை வரிசையாக அடுக்குங்கள்

தண்ணீர் முதலில் தொடுவது முரட்டு ஸ்பாஞ்ச், அடுத்தது வெள்ளைப் பஞ்சு, கடைசியில் செராமிக் ரிங். இந்த வரிசை மாறக் கூடாது. அழுக்கு நேராகச் செராமிக்கில் படிந்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டு, பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் போகாது. டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து விழுவதால் ஸ்பாஞ்சும் பஞ்சும் மேலே, ரிங் கீழே. பல கேனிஸ்டர்களில் தண்ணீர் அடியிலிருந்து மேலேறுவதால் ஸ்பாஞ்ச் அடித்தட்டில் வரும். உங்கள் ஃபில்டரில் தண்ணீர் எந்தப் பக்கம் நுழைகிறது என்று பார்த்துவிட்டு அடுக்குங்கள்.

கரி எனப்படும் ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் தேவையில்லை. மீனுக்கு மருந்து போட்ட பிறகு மிச்சத்தை நீக்கவும், தண்ணீரின் மஞ்சள் நிறத்தைப் போக்கவும் உதவும். சில வாரங்களில் அதன் உறிஞ்சும் திறன் தீர்ந்துவிடும். மருந்து போடும்போது அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மருந்தையும் உறிஞ்சிவிடும். அந்த இடத்தில் கூடுதலாகச் செராமிக் ரிங் போடுவதே லாபம்.

8. கரண்ட் போகும் நேரத்துக்கு இன்றே தயாராகுங்கள்

மோட்டார் நின்றதும் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். கோடை இரவில், நிறைய மீன் உள்ள தொட்டியில், சில மணி நேரமே ஆபத்தாகிவிடும். அதனால்தான் ஏர் பம்பில் ஓடும் துணை ஃபில்டரை நான் வலியுறுத்துகிறேன். 5 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க, மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைனில் இதை மாட்டுங்கள். இல்லாதவர்கள் கரண்ட் போனதும் தானாகவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைக்கலாம்.

ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தே ஆக வேண்டுமென்றால் குழாயின் இடையே செக் வால்வ் கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, பம்பையும் தரையையும் நனைக்கும். 

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடிய வாளிக்குள் தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அழியத் தொடங்கும். பல மணி நேரம் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓடவிட்டால் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் வரும். திறந்து, அந்த நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

மின்சாரப் பாதுகாப்பும் இந்தப் படியில்தான். வயர் பிளக்குக்குப் போவதற்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கும் இதையே பழக்குங்கள்.

9. மீனுக்கு முன் பாக்டீரியாவை வளர்த்துவிடுங்கள்

புதிய ஃபில்டரில் பாக்டீரியா இல்லை. அது நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியை நிரப்பி, குளோரின் நீக்கும் மருந்தை அளவாக விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. நோயில்லாத பழைய தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அங்கே ஓடிய ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருக்கும் காலம் பாதியாகக்கூடக் குறையும்.

டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், பிறகு நைட்ரேட் தென்படும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டிய பிறகு முதல் ஒரண்டாவை விடுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில்.

கழுவும் முறையிலும் கவனம் வேண்டும். ஸ்பாஞ்சையும் செராமிக்கையும் குழாயடியில் கழுவினால் மெட்ரோ தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை ஒரு வாளியில் வைத்து அதில் பிழிந்து எடுங்கள். பஞ்சை மட்டும் தூக்கிப்போட்டுப் புதிது வைக்கலாம். இரண்டு ஃபில்டர்களையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வேலை உங்களுடையதாகவே இருக்கும். ஃபில்டர் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட்டை நாம் பார்த்த வகைகளில் எதுவும் தொட்டியை விட்டு வெளியேற்றுவதில்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை, நம் தொட்டியில் 25 லிட்டரை, நீங்கள்தான் எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய புதுநீர் ஊற்ற வேண்டும். ஒன்றரை வாளி வேலை அது. அதைச் செய்ய நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். எந்த ஃபில்டர் வாங்கினாலும் மீனின் ஆயுள் அந்த வாராந்திர வேலையையும் சேர்த்துத்தான் அமையும்.